மணலில் எழுதிய பாடம்

இங்கிலாந்தில் ஆசிரியர்கள் நம் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்று கற்பிக்கும்போது எனக்குச் சென்னை மணல் நினைவுக்கு வரும். 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தினார்; 1797இல் லண்டனில் நூலாக்கினார். 'மெட்ராஸ் முறை' பிரிட்டனில் பரவியது. மணல் தட்டுக்குள் அடங்கி வகுப்பறை புகுந்தது, திறந்தவெளி கப்பலேறவில்லை. 1907இல்தான் லண்டன் கவுன்ட்டி கவுன்சில், நோய்வாய்ப்பட்ட பிள்ளைகளுக்காகப் பாஸ்டல் காட்டில் திறந்தவெளிப் பள்ளி தொடங்கியது.

இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் பெருமையோடு சொல்லலாம். ஆனால் அந்த மணலில் தலித் பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இடமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.