பாட்டுக்கா, பந்தலுக்கா?

தம்பி பேரனுக்கு வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்ட வேண்டுமாம். இதுவரை சால்டரிங் அயர்ன் கையில் பிடித்ததில்லை. எடுத்த எடுப்பில் நூறு வாட் கேட்கிறான். செம்பூரில், இரண்டு அறை ஃபிளாட்டில்! தாராவியில் பொங்கலுக்கு நாங்கள் வாடகைக்கு எடுத்த வால்வு செட் முப்பது வாட்தான். மூங்கிலில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால், தோல் பதனிடும் கொட்டகைகளையெல்லாம் தாண்டிப் போய் சீர்காழி கோவிந்தராஜன் கணீரென்று ஒலிப்பார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. குழாய் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபெல்லுக்கு மேல் கொடுக்கும். பேரன் வாங்கி வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 85-ஐத் தொடும். 20 டெசிபெல் வித்தியாசம் என்றால் சக்தியில் நூறு மடங்கு. எங்கள் முப்பது வாட் சத்தத்தை அவன் ஸ்பீக்கரில் எழுப்ப 3,000 வாட் வேண்டும். அதற்குள் ஸ்பீக்கர் கருகிவிடும். பத்து வாட்டை நூறாக்கினாலும் கூடுவது பத்தே டெசிபெல்.

பம்பாயில் ஒலிபெருக்கி முதலில் கூட்டத்துக்கென்றே வந்தது. காந்தியும் நேருவும் பேசும் பழைய படங்களில் மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். பெயர்தான் சிகாகோ; நடத்தியது மோட்வானி என்ற சிந்திக் குடும்பம். காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஊர் ஊராக ஒலிபெருக்கி கொண்டுபோனவர்கள் அவர்கள். டெல்லியில் 1940-ல் தொடங்கிய அஹுஜாவின் பெட்டிகளும் பிறகு மைக் செட் கடைகளில் வந்து சேர்ந்தன. வாங்க வசதியில்லாதவன் கட்டிக்கொண்டான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவ டிஸ்போசல் சாமான்கள் சோர் பஜாரில் கொட்டிக் கிடந்தன. அதில் பெயர்போனது 807. டிரான்ஸ்மிட்டருக்காகச் செய்த வால்வு. அதன் உச்சந்தலையில் பிளேட் முனை துருத்திக்கொண்டிருக்கும், அதில் 600 வோல்ட் நிற்கும். ஒரு ஜோடி 807 போட்டால் பந்தல் என்ன, மைதானமே கேட்கும். மைக் செட்காரர்கள் அந்தத் தலைக்கு வேட்டித் துணியைச் சுற்றி வைத்திருந்ததைக் கூடப் பார்த்திருக்கிறேன். இன்று நினைத்தாலும் குலை நடுங்குகிறது.

இந்தக் கதையில் மாட்டுங்கா வேறு ரகம். அங்கே சங்கீதம் கேட்கிற கூட்டம். சண்முகானந்த சபா 1952-ல் ஆரம்பித்தது, சொந்த அரங்கம் 1963-ல் திறந்தது. பந்தல் போட்டு நடந்த கச்சேரிகளில் ரசிகர்களுக்கு ஒரே குறை: குழாயில் மிருதங்கத்தின் தொப்பி செத்துப்போகும். வலந்தலை டங் டங்கென்று காதைக் குத்தும், இடப்பக்கம் இருப்பதே தெரியாது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய்க்கு வாய் கிடையாது. அந்தத் தொப்பியை வீட்டிலாவது முழுசாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையில்தான் ரயில்வே குமாஸ்தாவும் பாங்கு ஊழியரும் ஆம்ப்ளிஃபையர் கட்ட இறங்கினார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் சமையலறை மேடையே ஒர்க்‌ஷாப். மாமிகள் பட்ட பாடு தனிக் கட்டுரை.

படிக்கப் புத்தகம் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் கிடைத்தது. டி.டி.என். வில்லியம்சன் 1947-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதிய 15 வாட் சர்க்யூட் உலகம் முழுக்கக் கட்டியவர்களை ஆட்டிவைத்தது. அடுத்த பத்தாண்டில் முல்லார்ட் கம்பெனி 5-10 என்று ஒரு வரைபடம் தந்தது: முன்னால் ஒரு ஈ.எஃப்.86, நடுவில் ஈ.சி.சி.83, கடைசியில் ஒரு ஜோடி ஈ.எல்.84. பத்து வாட். இறக்குமதிக் கட்டுப்பாடு 1957-ல் இறுகியதும் வெளிநாட்டு வால்வுக்குத் தலைகீழாக நிற்க வேண்டியிருந்தது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்யத் தொடங்கிய பிறகுதான் லாமிங்டன் ரோட்டில் ஈ.எல்.84 தைரியமாகக் கேட்டு வாங்கக் கிடைத்தது. ஜோடியில் நூறு வாட் தரும் கே.டி.88 என்பது அன்று எங்களுக்குப் படத்தில் பார்க்கிற பொருள்.

வால்வு கிடைத்தால் வேலை முடிந்ததா? முடியாது. வால்வுக்கு வோல்ட் அதிகம், கரண்ட் கொஞ்சம், ஸ்பீக்கருக்கு நேர்மாறு. நடுவில் நின்று மாற்றிக்கொடுப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். 5,000 ஓம் சுமையில் நூறு வாட் என்றால் 707 வோல்ட் ஆடும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 28 வோல்ட்டாக இறங்க வேண்டும். சுற்றுகளின் விகிதம் 25-க்கு 1. கணக்கு ஒரு வரிதான். சுற்றுவதில்தான் இருக்கிறது வித்தை.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி இருந்தார். மோட்டார் ரீவைண்டிங்கில் ஆரம்பித்து டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்தவர். போய் நின்றால் முதல் கேள்வி, "பாட்டுக்கா, பந்தலுக்கா?" பந்தலுக்கு என்றால் சின்ன ஸ்டாம்பிங் தகடு எடுப்பார், வால்வுப் பக்கத்துப் பிரைமரி முழுவதையும் சுற்றி, மேலே ஸ்பீக்கர் பக்கத்துச் செகண்டரியைப் போட்டு, சாயங்காலமே கையில் கொடுத்துவிடுவார். பாட்டுக்கு என்றால் முகம் மாறும். "அடுத்த வாரம் வாங்க."

அந்த ஒரு வாரம் எதற்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இடது கை கைப்பிடியைச் சுழற்றும்; வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முடிமாதிரி எனாமல் கம்பி ஓடும். இறுக்கினால் அறுந்துவிடும், தளர்த்தினால் சுற்று புடைக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே எண்ணெய்க் காகிதம். பிரைமரியை ஐந்து துண்டாகப் பிரித்து, இடையிடையே செகண்டரியை நான்கு துண்டாகச் செருகுவார். அப்படிச் செய்யாவிட்டால் மேல்ஸ்தாயி மழுங்கும். அதைவிட மோசமாக, வெளியீட்டிலிருந்து பின்னால் கொண்டுவரும் ஃபீட்பேக் கெட்டு, பெட்டி தானாகவே ஊளையிடும். ஜோடி வால்வு ஆளுக்குப் பாதியாகப் பங்குபோடும் பிரைமரியில், இரண்டு பாதிக்கும் சுற்று ஒன்றுகூடப் பிசகக் கூடாது. எண்ணிக்கை விட்டுப்போகும் என்று சுற்றும்போது யாரையும் பேச விடமாட்டார். வார்னிஷில் முக்கி, பெரிய பல்பின் அடியில் காயவைத்து, கடைசியில் தராசில் வைத்துக் காட்டுவார். எடைக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சிரிப்பார். சம்பந்தம் உண்டு. அதே வோல்ட்டில் 300 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் இரும்பில் ஏறும் காந்தம் ஏழு மடங்குக்கு மேல். தொப்பி கேட்க வேண்டுமானால் இரும்பு வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. பம்பாயில் சத்தம் மலிவாகக் கிடைத்தது. கீழ்ஸ்தாயிக்குத்தான் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு 2என்3055 வந்தது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. 1960-களில் கொண்டுவந்த பவர் டிரான்சிஸ்டர். 70-களில் நம் ஊர் மெக்கானிக் ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. வால்வு செட்டை ஊர்வலத்தில் கொண்டுபோவது பெரும் பாடு. டிரான்சிஸ்டர் செட் 12 வோல்ட் கார் பாட்டரியில் ஓடியது. கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே கட்சிக் கூட்டத்துக்கும் கணபதி விசர்ஜனத்துக்கும் போகலாம். மைக் செட்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? வால்வு செட்டுகள் தாராவியின் பழைய இரும்புக் கொட்டகைக்குப் போயின. அங்கே காகிதத்தையும் வார்னிஷையும் எரித்துச் செம்பைத் தனியாக, தகட்டைத் தனியாக எடுத்து விற்றார்கள். அண்ணாச்சி ஒரு வாரம் சுற்றியதைப் பிரிக்க அரைமணி நேரம். அப்போது யாருக்கும் வருத்தமில்லை, எனக்கும்தான். இப்போது வால்வு நாதத்தைக் கோயில் பிரசாதமாகக் கொண்டாடுகிறவர்கள் அன்று மே மாதப் புழுக்கத்தில் அந்தப் பெட்டியோடு ஓர் அறையில் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு கே.டி.88-க்கு இழை சூடாகவே பத்து வாட் போகும்.

பேரனுக்குச் சொன்னது இதுதான். நூறு வாட்டை மற. ஒரு ஜோடி ஈ.எல்.84, பத்து வாட், அதுவே பக்கத்து வீட்டுக்காரரைக் கதவு தட்ட வைக்கும். முதலில் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்ற வை. அது கைக்கு வந்த பிறகு சேசிஸில் துளை போடு. பத்து வாட் பெட்டியிலும் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், நூறு வாட்டில் 550-ஐத் தாண்டும். சுவிட்சை அணைத்தாலும் ஃபில்டர் கண்டென்சரில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். அதனால் கண்டென்சருக்குக் குறுக்கே பிளீடர் ரெசிஸ்டரை முதல் நாளே சால்டர் செய்துவிடு, மீட்டரில் வோல்ட் இறங்கியதைப் பார்க்காமல் உள்ளே விரலை வைக்காதே, ஓடுகிற பெட்டியைத் தொடும்போது இன்னொரு கை பையிலேயே இருக்கட்டும்.

லாமிங்டன் ரோட்டில் இப்போது வைண்டிங் செய்கிறவர்களுக்கு ஸ்டெபிலைசர், இன்வெர்டர் வேலையே சரியாக இருக்கிறது. பிரைமரியை ஐந்தாகப் பிரித்துச் சுற்றிக்கொடுங்கள் என்றால் கூலியை இரண்டு மடங்காகச் சொல்கிறார்களாம். பேரன் போனில் புலம்பினான். நியாயமான கூலி, பேரம் பேசாமல் கொடு என்றேன்.