கூரைமேல் விழுந்த வெயில்



கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் தகரக் கூரை பகலெல்லாம் வெயிலில் கொதித்தது. இரவிலோ பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கடியில் படித்தனர். தோட்டத்து மின்னாக்கி வந்த பின்னரும், அது நிறுத்தப்பட்டால் படிப்பும் நின்றது. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் வழங்குவதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது.

வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கான் சூரியக்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954இலேயே அறிமுகப்படுத்தியது. 1958இல் அது வான்கார்ட் 1 செயற்கைக்கோளில் விண்வெளிக்குச் சென்றது. இன்று பயண வேன்களின் கூரையிலும் சூரியத் தகடுகள் பொருத்தப்படுகின்றன. சூடேறினால் மின்னுற்பத்தி குறையும் என்பதால், தகட்டிற்கும் கூரைக்கும் நடுவே காற்றோட இடைவெளி விடுவர். பகலில் பேட்டரியில் சேமித்த மின்சாரம் இரவில் விளக்கெரிக்கும்.

அத்தகைய வண்டியைக் காணும்போது நம் பிள்ளைகளுக்கு அறிவியலோடு இவ்வரலாற்றையும் சொல்லுங்கள். விளக்கை அணைக்கும் உரிமை பிறர் கையில் இருந்த காலத்தில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.