கேட்டால்தான் அவுட்

கிண்ணியாவிலும் மூதூரிலும் மேட்ச் பார்த்த எல்லோருக்கும் தெரியும். பந்து காலில் பட்டால் போதும், போலர் மட்டுமல்ல, எல்லைக்கோட்டில் ஐஸ்கிறீம் சாப்பிடுகிறவரும் "ஹவ்ஸாட்" என்று கத்துவார். பாடசாலைப் போட்டிகளில் நடுவராக நின்று காது அடைத்த அனுபவம் எனக்கும் உண்டு!

இந்தக் கத்தலுக்கு 280 வருட வரலாறு இருக்கிறது, உறவுகளே. வீரர்கள் கேட்காமல் நடுவர் எவரையும் ஆட்டமிழக்கச் செய்யக் கூடாது என்று 1744ஆம் ஆண்டின் கிரிக்கெட் விதிகளிலேயே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கர்களின் பேஸ்போலிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அடித்த பந்தைப் பிடி எடுத்துவிட்டால், ஓடுபவர் பழைய தளத்தைத் தொட்ட பிறகுதான் மறுபடி ஓடலாம். பிடிக்கு முன்பே புறப்பட்டு, திரும்பி வந்து தொடாமலே ஓடியதை நடுவர் கண்ணால் கண்டாலும் பேசமாட்டார். அடுத்த பந்து வீசுவதற்குள் எதிரணி பந்தோடு தளத்தைத் தொட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த ஓட்டம் ஓட்டம்தான்.

இது நம் முரளிக்கே நடந்தது. 2006 டிசம்பர், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் டெஸ்ட். ஒரு பக்கம் விக்கெட்டுகள் சரிய, சங்கக்கார தனியாளாக நின்று 99க்கு வந்துவிட்டார். கூட நின்ற கடைசி ஆள் முரளிதரன். சங்கா பந்தைத் தட்டிவிட்டு ஓடினார், சதம். முரளியும் மறுமுனையில் கோட்டைத் தொட்டார். தொட்டவர் பந்து வந்து சேர்வதைப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் அப்படியே திரும்பி, சங்காவைக் கட்டிப்பிடிக்க நடந்தார். பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தது. விக்கெட் காப்பாளர் மக்கலம் எறியை வாங்கி ஸ்டம்பைத் தட்டிவிட்டுக் கேட்டார். நடுவருக்கு வேறு வழியில்லை. இலங்கை 170 ஓட்டங்களுக்குச் சுருண்டது, நியூசிலாந்து 5 விக்கெட்டுகளால் வென்றது.

விதிப்படி அது அவுட்தான், நடுவரில் குற்றமில்லை. ஆனால் கேட்பதா விடுவதா என்பது மக்கலத்தின் கையில் இருந்தது. அதை அவரே பிறகு உணர்ந்தார். 2016இல் லோர்ட்ஸில் உரையாற்றியபோது, சபையில் இருந்த சங்காவிடமும், முரளியிடமும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பத்து வருடம் எடுத்திருக்கிறது.

2023 இரண்டையும் காட்டியது. ஜனவரியில் குவாஹாட்டியில் 98இல் நின்ற தசுன் ஷானக்கவை, பந்து வீசுமுன் கோட்டை விட்டு நகர்ந்ததற்காக ஷமி ரன் அவுட் செய்தார். ரோஹித் சர்மா அப்பீலை வாபஸ் வாங்கினார், ஷானக்க சதமடித்தார். நவம்பரில் டெல்லியில் ஹெல்மெட் பட்டி அறுந்து தாமதமான மெத்தியூஸுக்கு எதிராக, நேரம் கடந்துவிட்டது என்று ஷகிப் அல் ஹசன் கேட்டார். மெத்தியூஸ் எவ்வளவோ சொல்லியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பந்துகூட விளையாடாமல் மெத்தியூஸ் திரும்பி நடந்தார்.