போகரும் பாசுவும் ஊசியும்

எங்கள் தாண்டிக்குடியில் சீனாவைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது போகரை இழுத்துவிடுவார்கள். முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துத்தான் பழனிக்குப் போனார், 'தாண்டிக்குதி'தான் தாண்டிக்குடி ஆயிற்று என்பது ஊர்க்கதை. அந்தப் பழனியில் நவபாஷாணச் சிலை செய்த போகர் சீனா போய்வந்தவர், ஆகவே அக்குபங்சர் நம் சரக்குதான் என்று போன மாதம் டீக்கடையில் ஒரு தம்பி சொன்னான். அவன் அம்மாவுக்கு ராத்திரியானால் நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத பயம். ஊசி வைத்தியத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று என்னிடம் கேட்க வந்தவன்.

கதை நல்ல கதை. ஆனால் ஊசி நம் நாட்டுக்கு வந்த வழி வேறு. அதற்கு ஆளும் வருஷமும் உண்டு.

ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்திருந்த சமயம், சீனத் தளபதி சூ தே மருத்துவ உதவி கேட்டு நேருவுக்குக் கடிதம் எழுதினார். காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் வேண்டுகோள் விடுத்தார். 1938 செப்டம்பரில் ஐந்து மருத்துவர்கள் பம்பாயில் கப்பல் ஏறினார்கள்: அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்தார், வயது 32. சாந்தாராம் அவரைப் பற்றி 1946-ல் படமே எடுத்துவிட்டதால் அவர் பெயர் நிலைத்தது. கூடவே இருந்து, 1943-ல் கல்கத்தா திரும்பிய பிஜய் குமார் பாசுவை நம் பக்கம் யாருக்கும் தெரியாது. இந்தப் பாசுதான் 1958-ல் மறுபடி சீனா போய் ஊசி முறையைக் கற்று, அடுத்த வருஷம் கல்கத்தாவில் வைத்தியம் தொடங்கினார். அவர் ஆங்கில மருத்துவம் படித்தவர் என்பதை மறக்கக் கூடாது.

அவர் கற்றது ஐயாயிரம் வருஷமாக மாறாமல் வந்த வித்தையா? இல்லை. 1822-ல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசி முறையை நீக்கிவிட்டார். 1929-ல் பாரம்பரிய மருத்துவத்தையே ஒழிக்க அன்றைய அரசு பார்த்தது. 1949-க்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் அரசுக்கு ஜனம் ஏராளம், டாக்டர்கள் சொற்பம். அதனால் பழையதைத் தூசு தட்டி, ஒழுங்குபடுத்தி, பாடப்புத்தகமாக்கினார்கள்.

உலகம் திரும்பிப் பார்த்தது 1971-ல். நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் ஆபரேஷன். மயக்க மருந்துக்குப் பதில் ஊசி குத்தி வயிற்றைக் கிழித்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள், அது தப்பு. ஆபரேஷன் வழக்கமான மருந்தில்தான் நடந்தது. அதன் பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி வைத்தார்கள். இலங்கையில் ஆன்டன் ஜயசூரிய களுபோவில அரசு ஆஸ்பத்திரியில் ஊசி வைத்தியம் செய்து, வெளிநாட்டாருக்கும் கற்றுக்கொடுத்தார். இங்கே 2019-ல் மத்திய அரசு இதைத் தனி முறையாக அங்கீகரித்தது.

சரி, படபடப்புக்கு வருவோம். பழைய சீன மருத்துவம் அதைத் தனி மனநோயாகப் பார்க்கவில்லை. இதயத்தில் குடியிருக்கும் 'ஷென்' கலங்குகிறது என்றார்கள். அதற்கான புள்ளி மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கம். பெயர் ஷென்மென், அதாவது ஷென்னின் வாசல். இன்னொன்று இரு புருவத்துக்கும் நடுவே, நாம் பொட்டு வைக்கிற இடத்தில்.

எனக்கும் அந்த ஊசிகள் ஏறியிருக்கின்றன. ஓய்வு பெற்ற வருஷம் நடு ராத்திரியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஈ.சி.ஜி.யில் கோளாறு இல்லை என்றார்கள். கீழ்நாட்டில் ஒருவரிடம் போனேன். அரை மணி நேரம் இருட்டறையில் படுக்க வைத்தார், நிதானமாகப் பேசினார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்லக் கூடாது. மூன்றாம் தடவை, பிரஷர் மாத்திரை விஷம், நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினேன். பத்தாம் நாள், "ஏங்க, முகமெல்லாம் ஏன் இப்படிச் செவந்திருக்கு?" என்று வீட்டம்மா கேட்டாள். போய்ப் பார்த்தால் 190. டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரிடம் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். சரியான புள்ளியில் ஊசி குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, புள்ளி இல்லாத இடத்தில் மேலாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம் பேருக்கு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். அது முதுகுவலி, படபடப்பு அல்ல. படபடப்புக்கு இவ்வளவு பெரிய சோதனை எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் தந்தது வாசலா, இருட்டறையா, அந்த மனிதரின் பேச்சா என்று அதைப் படித்த பிறகு யோசித்திருக்கிறேன்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "முதல்ல அம்மாவுக்கு தைராய்டு, ரத்தசோகை ரெண்டும் பாரு. அப்புறம் ஊசிக்குப் போறதுன்னா போ, மாத்திரை டப்பாவையும் கையில எடுத்துக்க. நிறுத்தச் சொன்னா எந்திரிச்சு வந்துடு" என்றேன்.

"போகர் சொன்ன முறைதானே அண்ணே?" என்றான்.

"பாசு" என்றேன். காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் போகிறார்களாம்.