சோப்பும் மோனசைட் மணலும்

குற்றாலம் என்றவுடன் அருவியும், உடம்பெல்லாம் எண்ணெய் பூசி நிற்கும் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். (அருவியில் எண்ணெய், சோப்புக்கு நீதிமன்றம் தடை விதித்தது பிற்காலக் கதை.) அருவித் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். அதே சோப்பைக் கிணற்று உப்புத் தண்ணீரில் போட்டால் நுரை வராது, வெள்ளையாகத் திரிந்து மிதக்கும். ஏன்? சோப்பு என்பது எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சோடியம் சேர்ந்தது. கடின நீரிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வெள்ளைத் திரிதான் உலோக சோப்பு.

கால்சியத்துக்குப் பதில் சீரியம், லாந்தனம் போன்ற அருமண் உலோகம் சேர்ந்தால் அது அருமண் சோப்பு. அது தண்ணீரில் கரையாது. அழுக்கையும் போக்காது! ஆனால் எண்ணெயோடு கலக்கும். சீரியம் சோப்பைப் பெயிண்டில் சேர்த்தால் பெயிண்ட் நன்றாகக் காயும்.

இந்தச் சீரியம் எங்கே கிடைக்கிறது? குற்றாலம் மலைத்தொடரின் தென்கோடியில், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில். தென்காசி அன்று சென்னை மாகாணம். பக்கத்துச் செங்கோட்டையோ 1956 வரை மணவாளக்குறிச்சியைப் போலவே திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. மோனசைட்டில் தோரியம் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது, பாதிக்கு மேல் அருமண்தான். கேட்டதோ சிறு பங்கை, மிஞ்சியதோ பெரும் பங்கு! மேண்டிலைக் கண்டுபிடித்த ஆவர் என்ற ஆஸ்திரியரே மிச்சத்தை வைத்து 1903-ல் லைட்டர் கல் செய்தார். கண்ணாடி மெருகு, பெயிண்ட் சோப்பு எல்லாம் அந்த மிச்சத்துக்குக் கிடைத்த வேலைகளே.

தேங்காய் எண்ணெய், மோனசைட் இரண்டுமே திருவிதாங்கூரில் இருந்தன. இரண்டும் கப்பலேறின. அணுகுண்டுக்குப் பின் தோரியத்தின் மதிப்பு ஏறியது. 1947-ல் தனிநாடு கேட்ட திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கு இந்த மணலும் ஒரு பலம். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவானது. 1952 டிசம்பரில் அதன் ஆலுவா ஆலையை நேரு திறந்துவைத்தார். அங்கே மணலிலிருந்து அருமண் குளோரைடு பிரித்தார்கள். அதன் கரைசலைச் சோடியம் சோப்புக் கரைசலில் ஊற்றினால் போதும், கிணற்றுத் தண்ணீர் வாளியில் வருவது போலவே அருமண் சோப்பு திரிந்து வரும்.