சாவடியில் கேட்கும் காசு: வரியா, கட்டணமா?

தமிழ்நாட்டின் வடமேற்கு வாயில் ஓசூர். அந்த வாயிலிலிருந்து கிருஷ்ணகிரி வரை நீளும் நெடுஞ்சாலை வெறும் தாரும் சல்லியும் அல்ல. உழைப்போர் வியர்வை ஓடும் ஆறு. சிப்காட் தொழிற்பேட்டையிலே உருவான பொறிகளும், இராயக்கோட்டைச் சந்தைத் தக்காளியும், கிருஷ்ணகிரி மாங்கனியும், ஓசூர் ரோசாவும் அந்தச் சாலை வழியேதான் வெளியூர் காணச் செல்கின்றன. செல்லும் வழியிலே கிருஷ்ணகிரியில் ஒரு சாவடி. எல்லையைத் தாண்டியதும் அத்திப்பள்ளியில் இன்னொரு சாவடி. "காசு வை, கடந்து போ" என்கிறது சாவடி. வைக்கிறோம், கடக்கிறோம். ஆனால், வைக்கும் காசுக்குப் பெயர் என்ன என்று மட்டும் கேட்பதில்லை.

வரியாயிருந்தால் என்ன, கட்டணமாயிருந்தால் என்ன, இரண்டும் நம் மடியிலிருந்து போகும் காசுதானே என்று சலித்துக்கொள்வோர் உண்டு. சலிப்பு வேண்டாம், தோழர்களே! அந்த ஒரு சொல் வேறுபாட்டிலேதான் மக்களாட்சியின் உயிர்நாடி ஒன்று துடித்துக்கொண்டிருக்கிறது. வரி என்பது, மக்கள் தேர்ந்தனுப்பிய மன்றம் விவாதித்து, வாக்களித்து, இசைந்த பிறகே விதிக்கப்படுவது. கட்டணம் என்பது, செய்த பணிக்குப் பெறும் கூலி. பணி செய்யாமல் கூலி கேட்டால் அது கட்டணமாகாது. அப்படிக் கேட்பதை அரசே செய்தால், மன்றத்தின் இசைவில்லாமல் வரி போடுவதாகும். இந்த வேறுபாட்டை மறந்த காலமெல்லாம் மக்கள் ஏமாந்த காலமாக இருந்ததை வரலாறு காட்டுகிறது. அதிலும் இந்த எல்லைச் சீமையின் வரலாறு நன்றாகவே காட்டுகிறது.

சுங்கம் நமக்குப் புதிதன்று. உல்கு என்ற பழந்தமிழ்ச் சொல்லாலே குறள் அதனை அரசன் பொருள்களில் ஒன்றாக எண்ணுகிறது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டமேறிய முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கந்தவிர்த்த சோழன் என்ற பெயர் வாய்த்தது. எந்தச் சுங்கத்தை, எங்கெங்கே தவிர்த்தான் என்று ஆராய்ச்சியாளர் வாதிடட்டும். நாம் காண வேண்டியது வேறொன்று. போரிலே பெற்ற வெற்றிக்குப் பட்டப்பெயர் சூடிய மன்னர் பலர். சுங்கத்தை நீக்கியதற்கும் ஒரு பட்டப்பெயர் கிடைத்ததென்றால், அந்தச் சுங்கம் மக்கள் முதுகிலே எவ்வளவு கனத்திருக்க வேண்டும்! எனினும், அன்று தவிர்த்தது மன்னன் அருள். அருளாலே வந்தது, அருள் மாறினால் போய்விடும். உரிமையாலே வந்ததுதான் நிற்கும்.

1792ஆம் ஆண்டுக்கு வருவோம். சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய சீமை அது. அலெக்சாண்டர் ரீடு அதன் ஆட்சிப் பொறுப்பேற்றார். அவருக்குத் துணையாக வந்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பகுதியும் கம்பெனி வசமாயிற்று. நிலவரியை அளந்து, பதிந்து, முறைப்படுத்திய கதையைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்லும். சாலையிலே வசூலித்த சாயர் வரியின் கதையை அவை அவ்வளவாகச் சொல்வதில்லை.

சாயர் என்பது உள்நாட்டிலே ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லும் சரக்கின்மீது விதித்த வரி. பொதிமாடு நடக்கும் வழியெல்லாம் சாவடி. அந்த வசூலை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் உண்டு. அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை குத்தகைச் சீட்டிலே உறுதி. மக்களிடம் எவ்வளவு பறிக்கலாம் என்பதோ குத்தகைக்காரனின் துணிவைப் பொறுத்தது. மைசூர் மேட்டு நிலத்துக்கும் கீழ்நாட்டுக்கும் இடைப்பட்ட வழி இந்தச் சீமை. வணிகம் எங்கே மிகுதியோ அங்கே சாவடியும் மிகுதியாவது இயல்பல்லவா?

1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம் சென்னை மாகாணத்தில் இந்த உள்நாட்டுச் சுங்கத்தை ஒழித்தது. மகிழ்ந்தனர் வணிகர். ஆனால் கம்பெனி தன் பெட்டி குறைய விடுமா? இழப்பை ஈடுகட்ட உப்பின் விலை உயர்த்தப்பட்டது! சாலையிலே சரக்கோடு சென்றவன் கொடுத்து வந்த காசை, சாலைக்கே வராமல் குடிசையிலே கூழுக்கு உப்பிட்டுக் குடித்தவள் கொடுக்க நேர்ந்தது. இது நியாயமா என்று கேட்க அன்று ஒரு மன்றமும் இல்லை. கேட்பதற்கு அவளுக்கு ஒரு வாக்கும் இல்லை. மக்கள் மன்றம் இல்லாத நாட்டிலே ஒரு வரியை ஒழிப்பதுகூட இன்னொரு வரிக்கு வழிவிடுவதாகவே முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்த நூற்றாண்டில் ஓரளவு மன்றம் வந்தது. ஓரளவு நியாயமும் வந்தது. ஊராட்சி அமைப்புகள் ஆங்காங்கே சாலைச் சுங்கம் வசூலித்து வந்த முறையைச் சென்னை மாகாணத்தின் 1931ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டம் மாற்றியது. நீதிக்கட்சியினர் அமைச்சரவையில் இருந்த காலம் அது. ஊருக்கு ஊர் மோட்டாரை நிறுத்திக் காசு கேட்பதற்கு மாறாக ஒரே வரி. அதிலிருந்து ஊராட்சி அமைப்புகளுக்கு ஈட்டுத்தொகை. அதற்கு முன்பே, செயகர் குழுவின் பரிந்துரைப்படி, பெட்ரோல் மீது தனித் தீர்வை விதித்து 1929இல் சாலை வளர்ச்சி நிதி அமைக்கப்பட்டிருந்தது. ஊர்தி வைத்திருப்பவன் வாகன வரி கொடுக்கிறான். ஓட்டுகிறவன் எண்ணெய்மீது தீர்வை கொடுக்கிறான். சாலைக்கு வேண்டிய பணம் இவ்விரண்டிலிருந்து வரட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் கருத்து. இரண்டும் இன்றும் இருக்கின்றன. எண்ணெய்மீதான தீர்வைக்கு 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டமே வந்தது. இவற்றுக்கு மேலேதான் மூன்றாவதாகச் சாவடியும் வந்து அமர்ந்திருக்கிறது.

எப்படி வந்தது? அதற்கு அரசியல் சட்டத்தைப் புரட்ட வேண்டும். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது 265ஆம் பிரிவு. வரி விதிக்கும் முன்வடிவு பண முன்வடிவு. அதிலே மக்களவையின் சொல்லே முடிந்த சொல். ஆனால் 110ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, உரிமக் கட்டணமோ செய்த பணிக்கான கட்டணமோ விதிக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு முன்வடிவு பண முன்வடிவு ஆகிவிடாது என்கிறது. சட்டம் வகுத்தோர் இப்படிப் பிரித்ததிலே தவறில்லை. ஒவ்வொரு சிறு உரிமக் கட்டணத்தையும் வரிக்குரிய வழியிலே நடத்த முடியுமா? முடியாது. ஆனால், தலைவாயிலிலே காவல் பலமாக இருப்பதைக் கண்டவன் கொல்லைப்புறக் கதவைத் தேடுவான் அல்லவா? அந்தக் கதவின் பெயர்தான் கட்டணம்.

கொல்லைக் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் வேண்டுமென்று 1954இல் உச்சநீதிமன்றம் கூறியது. வழக்கு பிறந்ததும் நம் சென்னை மாநிலத்திலேதான். 1951ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத்தின்கீழ் மடங்களிடமிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை பெற அரசு வழி செய்தது. அன்று சென்னை மாநிலத்தில் அடங்கியிருந்த தென் கன்னட மாவட்டத்தின் சீரூர் மடம் வழக்காடியது. அந்தத் தொகை பொது நிதியிலே கலந்துவிடுகிறது. செய்யும் பணிக்கும் பெறும் தொகைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. ஆகவே அது கட்டணமன்று, வரி என்றது தீர்ப்பு. மடத்தின் வழக்கிலே நமக்கு என்ன அக்கறை என்று எண்ண வேண்டாம். மடாதிபதி கேட்டு வாங்கிய அந்த இலக்கணம், லாரி ஓட்டுநருக்கும் சொந்தம். பின்னாளில் வந்த தீர்ப்புகள் அதனைச் சற்றே தளர்த்தின. காசுக்குக் காசு கணக்கொப்பு வேண்டியதில்லை என்றன. ஆயினும் பணிக்கும் கட்டணத்துக்கும் உறவே இல்லாமற் போகலாம் என்று எவரும் சொல்லிவிடவில்லை.

இந்த இலக்கணத்தைக் கையிலே வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவு, செய்யப்படும் பணிக்காக அல்லது கிடைக்கும் பயனுக்காகக் கட்டணம் விதிக்கலாம் என்றுதான் பேசுகிறது. வரி என்ற சொல் அங்கே இல்லை. முதலில் ஓடத்துறை, பாலம், சுரங்கவழி என்றிருந்தது. நிலையான பாலமாயின் 25 இலட்சம் ரூபாய்க்குமேல் செலவானதாகவும், 1976 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு திறக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டுமென 1977இல் திருத்தினர். 1990களில் சாலைப் பகுதிகளுக்கும் கட்டணம் என்றாயிற்று. தனியார் சாலை அமைத்து வசூலிக்கவும் இடம் தந்தனர். விகிதம் எவ்வளவு என்பதை மன்றம் தீர்மானிப்பதில்லை. அரசு விதி இயற்றும், விதி நாடாளுமன்றத்தின் மேசைமீது வைக்கப்படும், அவ்வளவே.

2008ஆம் ஆண்டின் கட்டண விதிகள் அப்படி மேசைக்கு வந்தவைதாம். கிலோமீட்டர் ஒன்றுக்குக் காருக்கு 65 காசு, பேருந்துக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு என்று அடிப்படை விகிதம் அமைத்தனர். 60 கிலோமீட்டருக்கு லாரி ஒன்றின் கட்டணம் அந்த அடிப்படைக் கணக்கிலேயே 132 ரூபாய். அதன்மேல் ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வு; அதற்கும் மேல் மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடு. இந்த உயர்வு எந்த அவையையும் கேட்டு வருவதில்லை. ஏப்ரல் பிறந்தால் தானாகப் பிறக்கிறது. அதே விதிகள் நகராட்சி எல்லைக்கு 10 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சாவடி என்றும், ஒன்றுக்கொன்று 60 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்றும் சொல்லின. சொன்ன மூச்சிலேயே, காரணம் எழுதி வைத்துவிட்டு நெருக்கமாகவும் அமைக்கலாம் என்று விலக்கும் தந்தன! கிருஷ்ணகிரிச் சாவடி ஊரை ஒட்டி நிற்கிறதே என்று அப்பகுதி மக்கள் எழுப்பிய குரலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2022 மார்ச்சு 22 அன்று மக்களவையில் சாலைத்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு மறுமொழி கூறிய ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி, 60 கிலோமீட்டருக்குள் ஒரு சாவடிதான் இருக்கும், மற்றவை மூன்று மாதத்தில் மூடப்படும் என்றார். அவை மகிழ்ந்தது, நாடும் மகிழ்ந்தது. மூன்று மாதம் கடந்தது. சாவடிகள் பல நின்ற இடத்திலேயே நின்றன. அமைச்சரின் வாய்மொழி விதியைத் திருத்தாது. விலக்கு இருக்கும்வரை சாவடியும் இருக்கும்.

2023 ஆகஸ்டில் தென்னாட்டுச் சுங்கச்சாவடிகள் பற்றிய தலைமைக் கணக்காயரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. விதிக்கு மாறாக ஐந்து சாவடிகளில் ஏறத்தாழ 154 கோடி ரூபாய் வசூலானதாக அது கண்டது. செங்கற்பட்டை அடுத்த பரனூரில் மட்டும், 1954இல் கட்டப்பட்ட பாலத்துக்காக 22 கோடியே 10 இலட்சம்! சீரூர் மடத்துத் தீர்ப்பு பிறந்த அதே ஆண்டில் பிறந்த பாலம். அதன் செலவை நம் பாட்டன்மார் எப்போதோ கொடுத்துத் தீர்த்துவிட்டனர். பேரன்மாரிடம் மீண்டும் கேட்டிருக்கிறார்கள். இதைக் கட்டணம் என்று எந்த அகராதியைக் கொண்டு அழைப்பது?

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. சாலை போட்ட செலவு திரும்பிய பிறகு, அல்லது ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு, கட்டணம் 40 விழுக்காடாகக் குறைய வேண்டுமென்று இருந்த விதியை மாற்றி, முழுக் கட்டணமே தொடர வழி செய்தனர். கடன் தீர்ந்த பிறகும் வட்டி கேட்கும் கந்துவட்டிக்காரனை ஊர் ஏசும். அரசு அதையே செய்தால் அறிவிக்கை என்பதா?

நல்ல சாலை வேண்டுமானால் பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்பது அமைச்சர் பலமுறை சொன்ன வாதம். ஒரு சாலையில் வரும் பணம் பிற சாலைகளை அமைக்கவும் பயன்படுகிறது என்றும் ஆட்சியாளர் கூறுவர். அரசுப் பணத்தில் அமைந்த சாலைகளின் வசூல் இந்தியத் தொகுநிதிக்குச் சென்று, அங்கிருந்து நெடுஞ்சாலை ஆணையத்துக்குத் திரும்புவதும் உண்மை. நாட்டின் எங்கோ ஒரு மூலைக்கும் நல்ல சாலை வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கிருஷ்ணகிரி மாம்பழ வண்டி கொடுத்த காசில் வேறெங்கோ சாலை போடுவதென்றால், அது மாம்பழ வண்டிக்குச் செய்த பணியின் கூலி அன்று. அது பொது நன்மைக்கான வரி. வரியென்றால் வரியென்று சொல்லி, தலைவாயில் வழியாக வாருங்கள், அவையிலே விவாதியுங்கள், யாரிடம் எவ்வளவு என்று வாக்கெடுங்கள் என்பதே நம் வாதம்.

யாரிடம் என்ற கேள்வி சிறியதன்று. இருசக்கர ஊர்திக்குப் பொதுவாகக் கட்டணமில்லை, அது நல்லது. சொந்தக் கார் வைத்திருப்போருக்கு 3,000 ரூபாயில் 200 பயணம் என்று 2025 ஆகஸ்டு 15 முதல் ஆண்டுச் சீட்டு வந்தது. லாரிக்கும் பேருந்துக்கும் அந்தச் சலுகை இல்லை. லாரிக் கட்டணம் தக்காளி விலையிலே ஏறும். பேருந்துக் கட்டணம் போக்குவரத்துக் கழகத்தின் கடனிலே ஏறும். 1844இல் சாலைக் காசு உப்பிலே ஏறியது. இன்று சாலைக் காசு தக்காளியிலே ஏறுகிறது. அன்று கேட்க மன்றமில்லை. இன்று மன்றம் இருக்கிறது. கேட்கும் பழக்கம்தான் குறைந்திருக்கிறது.

ஆகவே, இளைஞர்களே, சாவடியில் பணியாற்றும் ஏழைத் தொழிலாளியிடம் சினந்து பயனில்லை. அவன் விகிதம் வகுத்தவன் அல்லன். கேட்க வேண்டியவர்களைக் கேளுங்கள். இந்தச் சாலைக்கு ஆன செலவு எவ்வளவு? இதுவரை வசூலானது எவ்வளவு? என்று முடியும்? 60 கிலோமீட்டருக்குள் இன்னொரு சாவடி இருப்பின், எழுதி வைத்த காரணம் எது? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையிலே இருக்கிறது, அதைக்கொண்டு கேளுங்கள். விதி மேசைமீது வைக்கப்படும்போது அதைப் படித்துத் திருத்தம் கேட்பது உறுப்பினர் கடமை. அந்தக் கடமையை, வாக்குக் கேட்டு வரும் நாளிலே அல்ல, வாக்களித்து அனுப்பிய மறுநாளே நினைவூட்டுங்கள்.

சுங்கம் தவிர்த்த மன்னனைப் புகழ்ந்து நின்றது குடிமக்களின் காலம். சுங்கத்தின் கணக்கைக் கேட்டுப் பெறுவதுதான் குடியாட்சியின் காலம்.