சேமிப்புப் புத்தகமும் பங்குப் பத்திரமும்

அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபையின் வரலாற்றை நம் இறையியற் கல்லூரிகளில் பயிற்றுவிக்கும்போது, அடிமை மக்களின் பக்திப் பாடல்களையும், அவர்தம் பிரசங்க மேடையையும், 1960-களின் உரிமைப் போராட்டத்தையும் விரிவாக எடுத்துரைக்கிறோம். அச்சபையின் கணக்கேட்டை மட்டும் திறந்து பார்ப்பதில்லை. பணத்தைப் பற்றிய பேச்சு ஆவிக்குரியதன்று என்னும் பழைய தயக்கமே இதற்குக் காரணம் எனலாம். ஆயினும், ஒரு நாட்டின் பொருளாதாரத்தில் கடையோ தொழிற்சாலையோ தன் உரிமையில் இல்லாத சிறுபான்மை இனம் அவ்வுரிமையை அடைய யார், எவ்வாறு துணைநின்றனர் என்று ஆராய்வோமாயின், போதகர் இருவரை நாம் சந்திக்க நேரிடும். ஒருவர் கொங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்த வெள்ளையரான ஜான் ஆல்வர்ட். மற்றவர் பாப்திஸ்து சபையின் கறுப்பினப் போதகரான லியோன் சல்லிவன். இவ்விருவரின் முயற்சிகளுக்கும் இடையே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் உள்ளன. இருவரும் திரட்டியது எளியோரின் சிறு தொகைகளையே.

உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், விடுதலை பெற்ற அடிமைகளும் கறுப்பினப் போர்வீரரும் தம் கூலியைப் பாதுகாப்பாகச் சேமிக்க ஒரு வங்கி வேண்டுமென ஆல்வர்ட் முயன்றார். 1865 மார்ச் 3 அன்று அதிபர் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தால் விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கி உருவாயிற்று. அதன் கிளைகள் தென்மாநிலங்களெங்கும் பரவின. சலவைத் தொழிலாளரும் உழவரும் சில்லறைக் காசுகளைக் கொணர்ந்து சேமிப்புப் புத்தகம் பெற்றுச் சென்றனர். கறுப்பினச் சபைகளும் சங்கங்களும் தம் நிதியை அங்கே வைத்தன. அரசாங்கமே பொறுப்பேற்றுள்ளது என்று மக்கள் நம்பினர். நம்பும்படியே அவர்களிடம் பேசப்பட்டது. உண்மையில் அத்தகைய பொறுப்பு எதுவும் சட்டத்தில் இல்லை.

1870-இல் சட்டம் திருத்தப்பட்டு, நிலத்தையும் கட்டடத்தையும் ஈடாகக் கொண்டு கடன் வழங்க அனுமதி கிடைத்தது. நிதிக் குழுவின் தலைவராயிருந்த ஹென்றி குக், புகழ்பெற்ற நிதியதிபர் ஜே குக்கின் தம்பி. அவர் தொடர்புடைய கல் குவாரி நிறுவனத்திற்கும் பிற வெள்ளையர் தொழில்களுக்கும் ஏழைகளின் பணம் கடனாய்ச் சென்றது. சேமித்தவன் தன் கடைக்குக் கடன் கேட்டால் கிடைப்பது அரிதாயிருந்தது. 1873-இல் ஜே குக்கின் நிறுவனம் வீழ்ந்து நாடெங்கும் பொருளாதாரப் பீதி பரவிற்று. 1874 மார்ச்சில் பிரெடரிக் டக்ளஸை வங்கித் தலைவராக்கினார்கள். அவர் தம் சொந்தப் பணம் 10,000 டாலரை இட்டும் பயனில்லை. ஜூன் இறுதியில் வங்கி மூடப்பட்டது. அப்பொழுது 61,000-க்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதில் இருந்தது. பலர் அதில் ஒரு பகுதியையே திரும்பப் பெற்றனர். வேறு பலருக்கு எதுவுமே கிட்டவில்லை.

ஆல்வர்ட் வஞ்சகர் அல்லர். அவருடைய நல்லெண்ணத்தை ஐயுற எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் பணம் ஒருவருடையதாகவும், அதன் மீதான முடிவு வேறொருவருடையதாகவும் இருந்தது. ஏழைக்குச் சிக்கனத்தைக் கற்பிக்க விரைந்த திருப்பணியாளர், நிதிக் குழுவில் அவனுக்கு ஓர் இருக்கை வேண்டுமென்று எண்ணவில்லை.

தமக்கென்று கடை வைத்தவர்களின் நிலையும் எளிதாயிருக்கவில்லை. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் மக்கள் மளிகை என்னும் கூட்டுக் கடை ஒன்று எதிர்க்கடைக்காரரான வெள்ளையரின் வியாபாரத்தைக் குறைத்தது. பகை மூண்டது. 1892 மார்ச்சில் அக்கடையைச் சேர்ந்த மூவரைச் சிறையினின்று இழுத்துச் சென்று ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவர்களுள் ஒருவரான தாமஸ் மாஸ் தபால்காரர். ஞாயிறு பள்ளி ஆசிரியருங்கூட. அவருடைய நண்பர் ஐடா வெல்ஸ் அம்மையார் இப்படுகொலைகளுக்கு எதிராய் எழுதத் தொடங்கியது இதன் பின்னரே. கறுப்பினத்தாருக்கு வணிகத் திறமை போதாது என்று பேசுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்வது நலம். இங்கே தண்டிக்கப்பட்டது திறமையின்மையன்று.

சல்லிவன் 1950-இல் பிலடெல்பியா நகரின் சீயோன் பாப்திஸ்து சபைக்குப் போதகராய் வந்தார். கறுப்பினத்தாரிடம் பொருளை விற்று அவர்களுக்கு வேலை தர மறுத்த நிறுவனங்களின் பொருளை வாங்காதிருக்கும்படி, 1960 முதல் ஏறத்தாழ 400 போதகர்கள் தத்தம் சபையாருக்குப் பிரசங்க மேடையிலிருந்தே அறிவித்தனர். அவ்வியக்கத்தின் தலைவருள் முதன்மையானவர் இவரே. 1962-இல் அவர் அட்லாண்டா சென்று இம்முறையை விளக்கியதன் விளைவாகவே மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் தன் அப்பக்கூடைத் திட்டத்தைத் தொடங்கிற்று.

எனினும் வேலை கேட்பதோடு அவர் நிறைவடையவில்லை. அதே 1962-இல், ஆண்டவர் ஐயாயிரம் பேரைப் போஷித்த அற்புதத்தைப் பற்றிப் பிரசங்கித்து, மாதம் 10 டாலர் வீதம் 36 மாதங்கள் கொடுக்க 50 பேர் முன்வர வேண்டுமென அழைத்தார். 200-க்கும் மேற்பட்டோர் எழுந்தனர். முதல் 16 மாதத் தொகை அறக்கட்டளைக்குச் சென்றது. கல்விக்கும் சமுதாயப் பணிக்கும் உரிய அது திரும்பி வராத காணிக்கை. எஞ்சிய 20 மாதத் தொகை தொழில் நிறுவனத்தின் முதலாயிற்று. முடிவில் கொடுத்தவர் கையில் வாக்குரிமையுள்ள பங்குப் பத்திரம் இருந்தது. 160 டாலர் கொடை, 200 டாலர் உரிமை: இப்பகுப்பை நான் பன்முறை வியந்ததுண்டு.

நம் சபைகளில் பெண்கள் சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துவைக்கும் காணிக்கையை நாம் அறிவோம். அதனால் ஆலயங்களும் பள்ளிகளும் எழுந்தன. இளம் போதகனாய் நான் பணிபுரிந்த ஊரில், அவ்வரிசி விற்ற பணம் எதற்குச் செலவாகிறது என்று ஒரு மூதாட்டி கேட்டார். கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்று கூறி அனுப்பிவிட்டேன். ஆல்வர்ட்டைப் பற்றி மேலே கடுமையாய் எழுதும்போது அந்த மறுமொழி என் நினைவுக்கு வராமலில்லை.

சீயோன் சபையாரின் முதலீட்டால் முதலில் ஒரு குடியிருப்பு எழுந்தது. பின்னர் 1968-இல் பிராட் தெருவில் புரோகிரஸ் பிளாசா என்னும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. கறுப்பினத்தாரே உரிமையாளராயிருந்து கட்டிய இத்தகைய வளாகங்களுள் நாட்டிலேயே முதலாவது என்று அது போற்றப்படுகிறது. அங்கே வாடகைக்கு வந்த பெரிய கடை நிறுவனங்களிடம், கறுப்பினத்தாரை மேலாளராக்க வேண்டும் என்று சல்லிவன் வற்புறுத்தினார். நிர்வாகப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தார். விண்வெளிக் கருவிகளின் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையும் எழுந்தது; அது நீண்டநாள் நிலைக்கவில்லை.

அதிபர் வேட்பாளராயிருந்த நிக்சன் 1968-இல் அவ்வளாகத்தைப் பார்வையிட்டார். பதவியேற்றபின், 1969 மார்ச் 5 அன்று, சிறுபான்மையினர் தொழில்களுக்கென ஓர் அலுவலகத்தை ஆணையால் நிறுவினார். 1977-இல் மேரிலாந்து உறுப்பினர் பேரன் மிட்செலின் முயற்சியால், பொதுப்பணி மானியத்தில் 10 சதவீதம் சிறுபான்மை நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1980-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. ஆனால் 1989-இல் ரிச்மண்ட் நகரின் 30 சதவீத ஒதுக்கீட்டை அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்நகர மக்களுள் பாதிப்பேர் கறுப்பினத்தார். நகரின் கட்டடப்பணி ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நேரடியாய்ப் பெற்றதோ 0.67 சதவீதம். நிக்சன் தொடங்கிய அலுவலகம் 2021-இல் சட்டத்தால் நிலைபெற்றது. 2025 மார்ச்சில் மற்றோர் அதிபர் ஆணை, சட்டம் கோரும் குறைந்த அளவிற்கு அதனைச் சுருக்குமாறு பணித்தது.

கறுப்பினத்தாரின் வணிகமே அவ்வினத்தை மீட்கும் என்பது கட்டுக்கதை என்று சமூகவியலறிஞர் பிராங்க்ளின் பிரேசியர் 1957-இல் எழுதினார். சில கடைகளால் ஓரினத்தின் வறுமை தீராது என்பது மெய்யே. சல்லிவனும் அவ்வாறு வாதிட்டவரல்லர்; 1964-இல் ஒரு பழைய சிறைக்கூடத்தில் அவர் தொடங்கிய தொழிற்பயிற்சி நிலையம் கடைகளைவிட மிகுதியானோரைத் தொட்டது. எனினும் அரசு ஆணைகள் மாறியபோதும் அவ்வளாகம் அவற்றோடு மறைந்துவிடவில்லை. பிரேசியரின் வாதம் இதனைக் கணக்கிலெடுப்பதில்லை.

வாஷிங்டனில் அந்தச் சேமிப்பு வங்கி நின்ற இடத்தில் இன்றிருப்பது அரசுக் கருவூலத்தின் இணைப்புக் கட்டடம். 2016-இல் அதற்கு அவ்வங்கியின் பெயர் சூட்டப்பட்டது. பிலடெல்பியாவின் வளாகத்திலும் இடர் வராமலில்லை. அங்கிருந்த உணவுப் பேரங்காடி மூடப்பட்டு, அப்பகுதி மக்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பேரங்காடி இன்றியே வாழ்ந்தனர். 2009-இல் வளாகம் புதுப்பிக்கப்பட்டு, அங்கே மீண்டும் ஒரு பேரங்காடி திறக்கப்பட்டது.